கருப்புப் பெட்டியைப் பலப்படுத்துவதா, தரவை வானிலிருந்தே அனுப்பிவிடுவதா?

ஒரு நிறுவனம் இன்று வாங்கும் பயணிகள் விமானம் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பறக்கும். அதில் எந்தப் பதிவுக் கருவியைப் பொருத்துவது என்று வாங்கும் நாளில் எடுக்கும் முடிவு, பெரும்பாலும் அந்த விமானத்தின் ஆயுள் முழுவதற்குமான முடிவாக அமைந்துவிடுகிறது. பின்னால் மாற்றுவதென்றால் விமானத்தைத் தரையில் நிறுத்தி, கம்பிகளைப் பிரித்து, புதிய பொருத்தத்துக்குச் சான்றும் பெற வேண்டும் என்பதால், சட்டம் கட்டாயப்படுத்தினாலொழிய எந்த நிறுவனமும் அதைத் தொடுவதில்லை. ஆகவே, விபத்து நடந்தபின் புலனாய்வாளர் கையில் என்ன கிடைக்கும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கொள்முதல் ஒப்பந்தமும் ஒரு விதிநூலும் தீர்மானித்துவிடுகின்றன. அந்த முடிவை எடுப்பவர் முன் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: இப்போதுள்ள பெட்டியை மேம்படுத்துவது, விபத்தின்போது தானே கழன்று மிதக்கும் பெட்டியைப் பொருத்துவது, தரவைச் செயற்கைக்கோள் வழியாக உடனுக்குடன் தரைக்கு அனுப்புவது, விமானி அறையில் காணொளிப் பதிவு வைப்பது. இவற்றுள் எதற்கு முதலில் செலவிட வேண்டும் என்பதே இங்கு எடைபோடப்படும் கேள்வி.

கருப்புப் பெட்டி என்று நாம் சொல்வது உண்மையில் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் இரண்டு கருவிகள். ஒன்று வேகம், உயரம், இயந்திர நிலை, கட்டுப்பாடுகளின் அசைவு ஆகியவற்றைப் பதியும் தரவுப் பதிவி. மற்றொன்று விமானிகளின் பேச்சையும் அறையின் ஒலிகளையும் பதியும் குரல் பதிவி. 1950களில் காமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் பயணிகள் விமானங்கள் அடுத்தடுத்து நொறுங்கியபோது அவற்றின் காரணம் தேடும் குழுவில் இருந்த ஆஸ்திரேலிய அறிவியலாளர் டேவிட் வாரன், விமானிகள் கடைசியாகப் பேசியதைக் கேட்க முடிந்தால் எவ்வளவு எளிதாக இருக்கும் என்று எண்ணியதிலிருந்து பிறந்தது குரல் பதிவி. இன்றைய பதிவியின் நினைவகம் புவியீர்ப்பைப் போல் 3,400 மடங்கு அதிர்ச்சியையும், 1,100 டிகிரி செல்சியஸ் தீயில் ஒரு மணி நேரத்தையும், 6,000 மீட்டர் ஆழக் கடல் அழுத்தத்தையும் தாங்குமாறு சோதிக்கப்படுகிறது. நிலத்தில் நடக்கும் விபத்துகளில் இது ஏறக்குறைய எப்போதும் தன் வேலையைச் செய்துவிடுகிறது. பெட்டியைப் பழங்காலப் பொருள் என்று ஒதுக்கிப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிறகு குறை எங்கே? பதிவு நான்கு விதங்களில் நம்மைக் கைவிடுகிறது. பெட்டி கிடைக்காமல் போகலாம். பெட்டி கிடைத்தும், மின்சாரம் போனதால் கடைசி நிமிடங்கள் பதியப்படாமல் இருக்கலாம். பதிந்தது, மேலெழுதப்பட்டு அழிந்திருக்கலாம். எல்லாம் சரியாகப் பதிந்திருந்தும், கேட்க வேண்டிய கேள்விக்கான விடை அந்தப் பதிவில் இல்லாத வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். நான்கு வழிகளையும் ஒப்பிடுகையில், எந்த வழி இந்த நான்கில் எதைத் தீர்க்கிறது என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். புதுமையை அளவுகோலாகக் கொண்டால் முடிவு தவறிவிடும்.

முதல் வகைக்குச் சான்று ஏர் பிரான்ஸ் 447. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிசுக்குப் பறந்த ஏர்பஸ் ஏ330 விமானம் 228 பேருடன் அட்லாண்டிக்கில் விழுந்தது. அந்த விமானம் தன் இருப்பிடத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் ஒரு ஜெட் விமானம் கடக்கும் தூரத்தைக் கணக்கில் கொண்டு, கடைசியாகத் தெரிந்த இடத்தைச் சுற்றி ஏறத்தாழ 74 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தைத் தேட வேண்டியிருந்தது. அதன் பரப்பு 17,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நீரில் மூழ்கியதும் ஒலி எழுப்பிப் பெட்டியின் இடத்தைக் காட்டும் நீரடி ஒலிக்கருவியின் மின்கலம் 30 நாட்களுக்கானது. அதன் ஒலி எந்தக் கப்பலுக்கும் கேட்கவில்லை. 2011 ஏப்ரலில், கடலடித் தானியங்கி ஊர்திகள் சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் சிதைவைக் கண்டபோது, அது கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில்தான் கிடந்தது. இரண்டு ஆண்டுகள் கடலடியில் கிடந்த பின்னும் நினைவகங்கள் படிக்கும் நிலையில் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே பெட்டி தோற்கவில்லை. பெட்டி இருந்த இடத்தைச் சொல்லும் ஏற்பாடுதான் தோற்றது.

அதே விபத்து வேறொன்றையும் காட்டியது. விழுவதற்கு முந்தைய நிமிடங்களில் அந்த விமானம் பராமரிப்புப் பிரிவுக்காகத் தானாகவே 24 செய்திகளை அனுப்பியிருந்தது. வேக அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதும், தானியங்கி விமானி விலகிவிட்டது என்பதும் அந்தச் செய்திகளிலிருந்து தெரிந்தன. காற்றழுத்தத்தைக் கொண்டு வேகத்தை அளக்க உதவும் பிட்டோட் குழாய்களில் பனி அடைத்திருக்கலாம் என்ற ஐயம் பெட்டி கிடைக்கும் முன்பே எழுந்து, குழாய்களை மாற்றும் வேலையும் தொடங்கிவிட்டது. ஆனால், விமானம் உயரே ஏறி, இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலைக்குப் போனபோது விமானிகள் கட்டுப்பாட்டுக் கோலைத் தொடர்ந்து பின்னால் இழுத்தார்கள் என்ற, விபத்தின் மையமான உண்மை, பெட்டி மேலே வந்த பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. வானிலிருந்து வரும் சிறு செய்தியின் வலிமையும் எல்லையும் இந்த ஒரே நிகழ்வில் அடங்கியிருக்கின்றன.

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பெட்டியை மேம்படுத்துவது என்ற முதல் வழியில் செய்தி ஆக்கும்படியான கவர்ச்சி எதுவும் இல்லை. ஆனால் பயன் அதிகம். நீரடி ஒலிக்கருவியின் ஆயுளை 30 நாளிலிருந்து 90 நாளாக உயர்த்தியாயிற்று. வழக்கமான 37.5 கிலோஹெர்ட்ஸ் ஒலி சில கிலோமீட்டருக்குள்தான் கேட்கும் என்பதால், நெடுந்தொலைவுக் கடல்வழிகளில் பறக்கும் விமானங்களின் உடலோடு சேர்த்துப் பொருத்த 8.8 கிலோஹெர்ட்ஸ் கருவியும் வந்துவிட்டது. இவை இரண்டும் தேவையானவைதான். ஆயினும் கருவியின் மின்கலத்தை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் 90 நாளும் வெறும் எண்தான். 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்370 விமானத்தின் தரவுப் பதிவியில் இருந்த ஒலிக்கருவியின் மின்கலக் காலக்கெடு 2012 டிசம்பரிலேயே முடிந்திருந்தது என்று மலேசியப் புலனாய்வின் இடைக்கால அறிக்கை 2015இல் தெரிவித்தது.

பெட்டியின் மேம்பாட்டில் உண்மையான எடை வேறு இரண்டில் இருக்கிறது. ஒன்று பதிவின் நீளம். குரல் பதிவி முதலில் 30 நிமிடம், பிறகு இரண்டு மணி நேரம் என்று வளர்ந்து, இப்போது 25 மணி நேரத்தை எட்டியிருக்கிறது. எம்எச்370 போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம்: விமானம் திசை மாறியது நள்ளிரவுக்குப் பின் ஒன்றரை மணியளவில், செயற்கைக்கோளுடன் அதன் கடைசித் தொடர்பு காலை 8.19க்கு. பழையதன்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும் இரண்டு மணி நேரச் சுழற்பதிவி நாளையே கடலடியில் கிடைத்தாலும், திசை மாறிய கணத்தில் விமானி அறையில் என்ன பேசப்பட்டது என்பது அதற்கும் பல மணி நேரம் முன்பே அழிந்திருக்கும். கடலில் தொலைந்த விமானத்துக்கு மட்டுமான சிக்கல் அல்ல இது. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தில் பயன்படுத்தாத கதவிடத்தை மூடியிருந்த அடைப்புப் பலகை வானில் பிய்ந்து போனபோது, விமானம் போர்ட்லாண்டில் பத்திரமாக இறங்கியது, எல்லோரும் உயிர் தப்பினார்கள், பதிவியும் சேதமின்றி இருந்தது. ஆனால் பதிவியின் மின்சுற்றை யாரும் உரிய நேரத்தில் துண்டிக்காததால், இரண்டு மணி நேரச் சுழற்சியில் அந்த நிகழ்வின் ஒலி முழுவதும் மேலெழுதப்பட்டு அழிந்தது. உயிர்ச்சேதமில்லாத, ஆகவே மிகுந்த பாடம் தரக்கூடிய நிகழ்வுகளில்தான் இந்த இழப்பு அதிகம் நேர்கிறது. ஐரோப்பா இதற்கான விதியை முன்பே கொண்டுவந்துவிட்டது. அமெரிக்கா 2024 மே மாதச் சட்டத்தின் மூலம் 25 மணி நேரத்தை ஏற்றுக்கொண்டது. நினைவகத்தின் விலை விழுந்துகிடக்கும் காலத்தில், இதற்கு இத்தனை ஆண்டுகள் ஆனதற்குத் தொழில்நுட்பத்தைக் குறைசொல்ல இடமே இல்லை.

மற்றொன்று, பதிவிக்கென்று தனி மின்சாரம். 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் ஜேஜு ஏரின் போயிங் 737-800, சக்கரங்களை இறக்காமல் ஓடுபாதையில் சறுக்கிச் சென்று, கோடியில் இருந்த கான்கிரீட் கட்டமைப்பில் மோதித் தீப்பிடித்தது. 181 பேரில் இருவர் மட்டுமே பிழைத்தனர். பறவைகள் மோதியிருந்தன, இரு இயந்திரங்களிலும் பறவை எச்சம் இருந்தது. அடுத்து விமானிகள் எந்த இயந்திரத்தை நிறுத்தினார்கள், ஏன் சக்கரம் இறங்கவில்லை, ஏன் உடனே திரும்பினார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை கடைசி நான்கு நிமிடங்களில் இருக்க வேண்டும். இரண்டு பதிவிகளும் மோதலுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்பே நின்றுவிட்டன. பெட்டி கைக்குக் கிடைத்தது, நினைவகம் படிக்கப்பட்டது, அதில் தேவையான பகுதி மட்டும் இல்லை. பொது மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் குரல் பதிவியைப் பத்து நிமிடம் இயக்கும் சிறு மின்கல அமைப்பு நெடுநாளாகவே சந்தையில் உள்ளது. நான்கு நிமிடம் பத்து நிமிடத்துக்குள் தாராளமாக அடங்கும்.

கழன்று மிதக்கும் பெட்டி என்ற இரண்டாவது வழி போர் விமானங்களிலும், கடல்மேல் பறக்கும் ஹெலிகாப்டர்களிலும் நெடுநாளாகப் பயன்பட்டு வருவது. விமானத்தின் வால்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும் பதிவி, உடல் நொறுங்குவதையோ நீரில் மூழ்குவதையோ உணர்ந்ததும் தெறித்து வெளியேறி, மிதந்தபடி செயற்கைக்கோளுக்குத் தன் இருப்பிடத்தைச் சொல்லும். ஏர்பஸ் 2017இல் தன் நெடுந்தொலைவு விமானங்களுக்கு இதைக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. ஏர் பிரான்ஸ் 447 போன்ற விபத்துக்கு இது ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த தீர்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரும்பாலான விபத்துகள் புறப்படும்போதோ இறங்கும்போதோ, விமான நிலையத்துக்கு அருகில், நிலத்தின்மேல்தான் நடக்கின்றன. அங்கே இந்தப் பெட்டி தருவது எதுவுமில்லை. நகரத்தின்மேல் பறக்கையில் கருவி தவறுதலாகக் கழன்று விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் இருக்கிறது. இலட்சக்கணக்கான பயணங்களில் ஒருமுறை நடக்கும் விபத்துக்காக, ஒவ்வொரு பயணத்திலும் தெறிக்கக் காத்திருக்கும் ஒரு பொறியை வாலில் சுமப்பது எனக்கு ஒப்பவில்லை. கடலைக் கடக்கும் நெடுந்தொலைவு விமானங்களை மட்டும் இயக்கும் நிறுவனத்துக்கு இதைப் பரிந்துரைக்கலாம், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

மூன்றாவது வழியான உடனுக்குடன் அனுப்புதலைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது. அதிகம் குழப்பமும் அங்கேதான். கைபேசியில் திரைப்படம் பார்க்கும் காலத்தில் விமானத்தின் தரவைத் தரைக்கு அனுப்ப முடியாதா என்று ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கேட்கப்படுகிறது. கணக்குப் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். பல பெரிய விமானங்களில் தரவுப் பதிவி நொடிக்கு 1,024 ‘சொற்கள்’ வரை எழுதுகிறது. ஒவ்வொரு சொல்லும் 12 பிட். ஆக நொடிக்கு 12,288 பிட். ஒரு மணி நேரத்துக்கு ஐந்தரை மெகாபைட். கைபேசிக் கேமராவில் எடுத்த ஒன்றிரண்டு படங்களின் அளவு, அவ்வளவே. பயணிகளுக்கு இணையம் வழங்கும் விமானத்தில் இந்த அளவு ஒரு பொருட்டே அல்ல. குரலைச் சேர்த்தால் கூடும், அப்போதும் தாங்கக்கூடியதுதான்.

எனவே தடை அலைவரிசையில் இல்லை; வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, அனுப்பும் கருவி வேலை செய்ய வேண்டிய கணம் எது என்பது. ஆண்டெனா வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தோ சுழன்றோ விழும்போது இணைப்பு அறுபடும். இரண்டு இயந்திரங்களும் நின்று, முதன்மை மின்சாரம் போய்விட்டால், செயற்கைக்கோள் கருவிக்கும் சேர்த்தே இருட்டாகிறது. பதிவின் இரண்டாவது தோல்வி வகையான மின்சார இழப்பை இந்த வழி தீர்ப்பதில்லை. அதே பள்ளத்தில் தானும் விழுகிறது. இரண்டாவது, கருவியை ஒருவர் வேண்டுமென்றே அணைத்துவிடும் சாத்தியம். எம்எச்370இல், ரேடாருக்கு விமானத்தின் அடையாளத்தைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டரின் குறி 1.21 மணியளவில் மறைந்தது. செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இடையில் நின்றுபோய், 2.25க்கு மீண்டும் உயிர்பெற்றது. விமானிக்கு எட்டும் இடத்தில் நிறுத்தும் வழி உள்ள எந்த ஏற்பாடும் அந்த வகை நிகழ்வில் பயன்தராது. மூன்றாவது, அனுப்பிய தரவு யாருடையது என்பது. பெட்டிக்குள் இருக்கும் குரல், விபத்து நடந்தால் மட்டுமே, புலனாய்வு அமைப்பின் பூட்டிய அறையில் மட்டுமே திறக்கப்படுகிறது. உலகெங்கும் நாளொன்றுக்கு இலட்சம் என்ற அளவில் நடக்கும் பயணங்களின் குரல் அனைத்தும் ஏதோ ஒரு நாட்டின் ஏதோ ஒரு சேமிப்பகத்தில் குவிந்தால், அதைக் கேட்கும் உரிமை முதலாளிக்கு உண்டா, காவல்துறைக்கு உண்டா, வேற்று நாட்டு நீதிமன்றத்துக்கு உண்டா என்ற கேள்விகளுக்கு ஒரே விடையை நாடுகள் ஏற்றுக்கொள்வது எளிதல்ல. விமானிகள் சங்கங்களின் எதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

இந்த மூன்றையும் ஓரளவு கடந்து வரும் நடுவழி ஒன்று இருக்கிறது: எப்போதும் அனுப்பாமல், ஆபத்துக் குறி தெரிந்தவுடன் மட்டும் அனுப்புவது. விமானம் இயல்புக்கு மாறாகச் சாய்ந்தால், வேகம் எல்லை மீறினால், தரையோடு மோதும் போக்கில் இருந்தால், எல்லா இயந்திரங்களும் உந்துவிசை இழந்தால், கருவி தானே விழித்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒருமுறையேனும் இருப்பிடத்தைச் சொல்லத் தொடங்கும். விமானி அதை நிறுத்த முடியாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு எம்எச்370க்குப் பின் வகுத்த திட்டத்தின் மையப் பகுதி இது. முதலில் 2021 என்று வைத்த கெடு தள்ளித் தள்ளிப் போய், 2024 ஜனவரி 1 முதல் புதிதாகத் தகுதிச் சான்று பெறும் 27,000 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களுக்கு என்று நின்றது. எதிர்பார்ப்பு என்னவென்றால், விழுந்த இடம் ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்குள் தெரிந்துவிட வேண்டும். வட்டத்தின் பரப்பு 400 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. முன்பு சொன்ன 17,000த்துக்கு எதிரில் வைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். ஆனால் இப்போதைய கட்டாயம் இருப்பிடத்துக்கு மட்டுமே. விழித்துக்கொண்ட கருவி அதே நொடியில் தன் நினைவிலுள்ள முந்தைய சில நிமிடங்களின் தரவையும் சேர்த்து அனுப்பலாம். அதற்குத் தொழில்நுட்பம் தயார், விதிதான் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

நான்காவது வழிக்கு வருமுன், மேற்சொன்ன மூன்றையும் ஒரே விபத்தில் உரசிப் பார்ப்பது நல்லது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 புறப்பட்ட சில நொடிகளில் விழுந்து, விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும் தரையில் 19 பேரும் மாண்டனர். போயிங் 787இல் குரலையும் தரவையும் சேர்த்தே பதியும் பெட்டிகள் இரண்டு உண்டு, ஒன்று முன்பகுதியில், மற்றொன்று வாலருகே. பின்பெட்டி ஒரு கட்டடத்தின் கூரையில் கிடைத்தது. வழக்கமான முறையில் படிக்க இயலாத அளவுக்குச் சிதைந்திருந்தது. முன்பெட்டி மூன்று நாள் கழித்து இடிபாட்டுக்குள் கிடைத்தது. புலனாய்வாளர்கள் அதன் காப்புறைக்குள் இருந்த நினைவகத்தை மட்டும் வெளியே எடுத்து, அதே வகையைச் சேர்ந்த பழுதற்ற வேறொரு கருவியின் உடலில் பொருத்தி, அதன் வழியாகப் படித்தார்கள். 49 மணி நேரத் தரவும் இரண்டு மணி நேர ஒலியும் வந்தன. தனி மின்சாரம் இருந்த முன்பெட்டி, முதன்மை மின்சாரம் தடுமாறிய அந்தக் கட்டத்திலும், தரையைத் தொடும் தறுவாய் வரை பதிந்துகொண்டே இருந்தது.

அதில் தெரிந்தது இது. உலக நேரம் 8 மணி 8 நிமிடம் 39ஆம் நொடியில் சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன. 42ஆம் நொடியளவில் விமானம் 180 நாட் என்ற உச்ச வேகத்தை எட்டியது. அதை அடுத்து இரு இயந்திரங்களின் எரிபொருள் நிறுத்து விசைகளும் ஒரு நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ‘ஓட்டம்’ நிலையிலிருந்து ‘நிறுத்தம்’ நிலைக்கு மாறின. 52ஆம் நொடியில் ஒரு விசையும் 56ஆம் நொடியில் மற்றொன்றும் மீண்டும் ஓட்டத்துக்கு வந்தன. 8 மணி 9 நிமிடம் 11ஆம் நொடியில் பதிவு நின்றது. தரை விட்டதிலிருந்து மொத்தம் 32 நொடி. இந்த இடத்தில் ஆபத்துக் குறிக்குக் காத்திருக்கும் கருவி விழித்து, செயற்கைக்கோளைத் தேடிப் பிடித்து, எதையாவது அனுப்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். விழுந்த இடமோ ஊரறிந்தது. கழன்று விழும் பெட்டியும் கூடுதலாக ஒன்றும் தந்திருக்காது. மேம்படுத்திய பெட்டி, அதாவது ஒன்றுக்கு இரண்டாகப் பெட்டிகளும் தனி மின்சாரமும், மட்டுமே அங்கே வேலை செய்தது.

அப்படி வேலை செய்தும் மையக் கேள்வி எஞ்சி நின்றது. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி மற்றவரைக் கேட்பதும், தான் அப்படிச் செய்யவில்லை என்று அவர் மறுப்பதும் ஒலியில் இருப்பதாக 2025 ஜூலை மாத முதற்கட்ட அறிக்கை சொன்னது. யார் கேட்டார், யார் மறுத்தார் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. அந்த ஒற்றை வாக்கியம் வெளியான அன்றே உலகம் முழுவதும் தீர்ப்புகள் எழுதப்பட்டன. விசையின் மின்நிலை மாறியதைத் தரவு சொல்கிறது; கை அசைந்ததா, யாருடைய கை என்பதைத் தரவோ குரலோ சொல்வதில்லை. பதிவின் நான்காவது தோல்வி வகை இதுதான்.

காணொளிப் பதிவு புதிய யோசனை அல்ல. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000ஆம் ஆண்டிலேயே இதைப் பரிந்துரைத்தது. 1997இல் 104 பேருடன் இந்தோனேசியாவில் விழுந்த சில்க்ஏர் 185இல், விமானம் கீழே பாயத் தொடங்கும் முன்பே இரு பதிவிகளும் நின்றுவிட்டிருந்தன. 1999இல் விழுந்த எகிப்துஏர் 990இல் பதிவுகள் கிடைத்தும், அவற்றுக்குப் பொருள் கொள்வதில் இரு நாடுகள் முற்றிலும் முரண்பட்டன. அந்த இரண்டையும் அடுத்துப் பிறந்த கோரிக்கை கால் நூற்றாண்டாகக் கோரிக்கையாகவே இருக்கிறது. ஏர் இந்தியா விபத்துக்குப் பின் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அன்றைய தலைமை இயக்குநர் வில்லி வால்ஷ், காணொளிக்கு வலுவான வாதம் இருப்பதாகச் சொன்னார். விமானிகள் தரப்பின் அச்சமும் உண்மையானது: இறக்கும் மனிதரின் முகம் என்றேனும் ஒருநாள் கசிந்து தொலைக்காட்சியில் ஓடும், கண்காணிப்பின் கீழ் வேலை செய்பவர் தன் தவறைத் தானே முன்வந்து சொல்லும் பழக்கமும் குறையும். விமானப் பாதுகாப்பின் வளர்ச்சியில் அந்தப் பழக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், அதைக் கெடுத்துப் பெறும் காணொளி நட்டக் கணக்கில்தான் முடியும்.

ஆனால் இங்கே இரண்டில் ஒன்று என்ற நிலை இல்லை என்பது என் எண்ணம். கேமரா முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால், மேலிருந்து, கருவிப் பலகையையும் நடுமேடையையும் விசைகளையும் மட்டும் காட்டும் கோணத்தில், தோள்களுக்குக் கீழே கைகள் மட்டும் தெரியும்படி வைத்தால் போதும். திரைகளில் விமானிக்கு உண்மையில் என்ன தெரிந்தது என்பதும் அதிலேயே பதிந்துவிடும். திரையொன்று அணைந்துபோனதா, புகை எந்தப் பக்கமிருந்து வந்தது என்பவை இன்றைய பதிவியில் இல்லாத விவரங்கள். பதிவு பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், வானில் அனுப்பப்படக் கூடாது, ஒலிக்கு உள்ள சட்டப் பாதுகாப்பைவிடக் கடுமையான பாதுகாப்பு முதலில் சட்டமாக வர வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளோடு இதை ஏற்கலாம். காணொளியை நான் முன்பு இந்த வரிசையில் கடைசியில்தான் வைத்திருந்தேன். கழன்று மிதக்கும் பெட்டிக்கு மேலே அதை நகர்த்தியது அகமதாபாத் அறிக்கையின் அந்த ஒற்றை வாக்கியம்தான்.

ஆகவே என் வரிசை இப்படி அமைகிறது. பறந்துகொண்டிருக்கும் விமானங்களுக்கு முதலில் பதிவியின் தனி மின்சாரமும் 25 மணி நேரக் குரலும். மேலெழுதல், மின்சார இழப்பு என்ற இரண்டு தோல்விகளையும் சேர்த்துத் தீர்ப்பது இதுவொன்றே, அதுவும் இருப்பதிலேயே குறைந்த மாற்றத்தோடு. புதிதாக வாங்கும் விமானங்களுக்கு, கட்டாயமாகிவிட்ட ஆபத்துக்கால இருப்பிட அறிவிப்போடு நின்றுவிடாமல், தரவையும் அதே கணத்தில் அனுப்பும் வசதியை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். எப்போதும் எல்லாவற்றையும் அனுப்பும் திட்டம் பெட்டிக்கு மாற்றாகாது என்பதால் அதற்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. காத்திருப்பவர்கள், செய்யக்கூடிய எளிய மாற்றத்தைத் தள்ளிப்போட அதை ஒரு சாக்காக வைத்திருக்கிறார்கள் என்றே சில வேளைகளில் தோன்றுகிறது.

இந்த வரிசையின் முதல் வரிதான் நடைமுறையில் மிகக் கடினமானது, ஏனென்றால் விதிகள் பெரும்பாலும் ‘இந்த நாளுக்குப் பின் உற்பத்தியாகும் விமானங்களுக்கு’ என்றே எழுதப்படுகின்றன. குரல் பதிவிக்குத் தனி மின்சாரம் வேண்டும் என்ற அமெரிக்க விதி, 2010 ஏப்ரல் முதல் உற்பத்தியான விமானங்களுக்குத்தான் பொருந்தியது. முவானில் மோதிய ஜேஜு ஏர் விமானம் உற்பத்தியானது 2009இல்.